வரம்பும் வடிவமும்

1

வீடியோ கேம் யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அனேகமாக எல்லோருமே அதை ஒரு எண் வரிசையாக எழுதி முடித்துவிடுகிறார்கள். 8 பிட், 16 பிட், 32 பிட், 64 பிட் என்று வாய்ப்பாடு மாதிரி ஏறிக்கொண்டு போகும். ஒவ்வொரு படியிலும் முந்தின படி கேலிக்குரியதாகிவிடும். பிறகு இருபது வருஷம் கழித்து அதே கேலிப்பொருள் ஏக்கத்துக்குரிய பண்டமாகி, சின்னப் பெட்டியில் அடைத்து மறுபடி விற்கப்படும். கேலி, ஏக்கம் இரண்டிலுமே அந்த யந்திரம் என்ன செய்தது, எப்படிச் செய்தது என்ற கேள்விக்கு இடமில்லை.

கணக்கை மறுப்பதற்கில்லை. 1977இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அடாரி யந்திரத்துக்கு இருந்த நினைவு 128 பைட். அதாவது இங்கிலீஷில் 128 எழுத்து, அந்தக் காலத்துத் தந்தி வாசகம் ஒன்றின் அளவு. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5க்கு இருப்பது 16 ஜிகாபைட். வகுத்துப் பார்த்தால் பதின்மூன்று கோடி மடங்குக்கு மேல் வரும். ஆனால் இப்படிப் பதின்மூன்று கோடி மடங்கு கூடியதால் ஆட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் வகுத்தல் கணக்கு பதில் சொல்லாது.

நான் சொல்ல விரும்புவது இது: இந்த ஐம்பது வருஷத்தில் நினைவில் நிற்கிற ஆட்டங்களின் வடிவத்தைத் தீர்மானித்ததில், யந்திரத்தால் என்ன முடிந்தது என்பதைவிட என்ன முடியவில்லை என்பதற்கே பங்கு அதிகம். முடியாமை ஒவ்வொன்றாக விலகிப்போனபின் வடிவத்துக்கான பொறுப்பு முழுக்கச் செய்பவன் தலையில் வந்து விழுந்தது. யாப்பை உதறி வந்த கவிதைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு கவிதைப் பத்திரிகையில் இதை எழுதுவதற்கு வேறு சமாதானம் தேடவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பழையதெல்லாம் உயர்ந்தது என்கிற திண்ணைப் பேச்சாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பழைய யந்திரங்களில் குப்பை ஏராளம். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

2

வீட்டு டெலிவிஷனில் விளையாடும் முதல் யந்திரம் 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஆடிஸி. அதன் பின்னால் இருந்தவர் ரால்ஃப் பேர். நாஜி ஜெர்மனியிலிருந்து 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்த யூதர். நியூ ஹாம்ப்ஷயரில் ராணுவத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் செய்து கொடுத்த சாண்டர்ஸ் என்ற கம்பெனியில் எஞ்சினீயர். டெலிவிஷனைப் பார்ப்பதைத் தவிர அதை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்யமுடியுமா என்று 1966இல் அவருக்கு எழுந்த யோசனையின் முடிவு இந்தப் பெட்டி.

ஆடிஸி திரையில் காட்டியது மூன்று வெளிச்சச் சதுரங்கள், ஒரு கோடு. அவ்வளவுதான். சத்தம் இல்லை, வண்ணம் இல்லை. யார் எத்தனை புள்ளி என்று கணக்கு வைக்கவும் அதற்குத் தெரியாது. டெலிவிஷன் கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வண்ணப் பிளாஸ்டிக் தாள்கள் பெட்டியோடு வந்தன. ஒரு தாளை ஒட்டினால் பேய் வீடு. இன்னொன்றை ஒட்டினால் பனிச்சறுக்கு மலை. கூடவே பகடை, சீட்டுகள், விளையாட்டுப் பணம்.

பனிச்சறுக்குத் தாளில் வரைந்த பாதையைவிட்டு உங்கள் வெளிச்சச் சதுரம் விலகினால் யந்திரத்துக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் பார்த்து ஆட்சேபிக்க வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் விதி பெட்டிக்குள் இல்லை, ஆடுகிறவர்களுக்கு இடையில் இருந்தது. பேய் வீட்டுக்குள் பயம் வரவேண்டுமானால் அதையும் ஆடுகிறவன்தான் கொண்டுவர வேண்டும். பின்னால் வந்த யந்திரங்கள் விதியை, கணக்கை, சத்தத்தை, பயத்தை ஒவ்வொன்றாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. இதை முன்னேற்றம் என்று எழுதுகிறவர்கள், எடுத்துக்கொள்ளப்பட்டது யாரிடமிருந்து என்பதையும் ஒரு வரி எழுதலாம்.

3

அடாரியின் 1977 யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நான் சொல்லும் விஷயம் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

பழைய டெலிவிஷனில் படம் ஒரேயடியாகத் தோன்றுவதில்லை. பிக்சர் டியூபின் பின்புறமிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை திரையின் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு வரி முடித்து அடுத்த வரி என்று, நாம் பக்கத்தைப் படிக்கிற மாதிரியே கீழே இறங்கும். அமெரிக்க முறையில் 262 வரிகள். விநாடிக்கு அறுபது தடவை. சாதாரணமாக ஒரு கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் தன் நினைவில் வரைந்து வைத்துக்கொண்டு பிறகு திரைக்கு அனுப்பும். 128 பைட்டில் படத்தின் ஒரு மூலையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே புரோகிராமர் கற்றையோடு கூடவே ஓடவேண்டியிருந்தது. ஒரு வரிக்கு அவருக்குக் கிடைத்தது 76 யந்திரத் துடிப்பு. மிகச் சின்ன ஆணைக்கே இரண்டு துடிப்பு செலவாகிவிடும். அந்த 76க்குள் இந்த வரியில் எது, எங்கே, என்ன நிறத்தில் என்று சொல்லி முடித்தாக வேண்டும். தாமதித்தால் கற்றை தாண்டிப் போயிருக்கும். யார் செத்தான், பந்து எங்கே மோதியது, அடுத்து என்ன என்கிற யோசனைகளையெல்லாம் கற்றை கீழே முடித்துவிட்டு மேலே திரும்புகிற அந்த மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் செய்துகொள்ள முடியும்.

இதை யாப்பு என்பது வெறும் உவமையாக எனக்குப் படவில்லை. வரிக்கு இத்தனை அளவு. மீறினால் தளை தட்டும். தட்டினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த நிர்ப்பந்தத்தில் எழுதியவர்களில் சிலருக்கு வேறெப்படியும் கிடைத்திருக்க முடியாத சொல் கிடைத்தது. டேவிட் கிரேன் 1982இல் செய்த 'பிட்ஃபால்' அப்படி ஒன்று. ஒரு காட்டில் ஓடும் மனிதன். 255 திரைகள் நீளமான காடு. மொத்த கேசட்டின் கொள்ளளவு 4 கிலோபைட். அத்தனை திரைகளையும் சேமித்து வைக்க இடமில்லை. கிரேன் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டார். வலப்பக்கம் ஒரு திரை நகர்ந்தால் அந்த எண் ஒரு விதிப்படி மாறும். இடப்பக்கம் திரும்பினால் அதே விதி தலைகீழாக நடந்து பழைய எண்ணே வரும். மரங்கள் எப்படி, குழியில் தண்ணீரா முதலையா, மேலே கொடி தொங்குகிறதா என்பதையெல்லாம் அந்த எண்ணே சொல்லிவிடும். இதற்கு அவர் செலவழித்தது ஏறக்குறைய 50 பைட். காடு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, காட்டின் விதிதான் எழுதப்பட்டிருக்கிறது. இடம் தாராளமாக இருந்திருந்தால் கிரேன் 255 படங்களை வரைந்து தள்ளியிருப்பார்; காடு வந்திருக்கும், இந்த எண்ணம் வந்திருக்காது.

இதே காலத்தில் நடந்த இன்னொரு காரியம் எழுதுகிறவர்களுக்கு முக்கியம். அடாரி கம்பெனி கேசட்டின்மேல் அதைச் செய்தவர் பெயரைப் போடுவதில்லை. 1980இல் வெளியான 'அட்வெஞ்சர்' என்ற ஆட்டத்தைச் செய்த வாரன் ராபினெட், யாரும் சுலபத்தில் புகமுடியாத ஒரு அறையை அதற்குள் ஒளித்து, அந்த அறையில் தன் பெயரை எழுதி வைத்தார். கம்பெனிக்கு அது தெரியவந்தபோது அவர் வேலையைவிட்டுப் போயிருந்தார். பெயர் கிடைக்காததும் அதற்கேற்ற பணம் கிடைக்காததுமாகச் சேர்ந்துதான் கிரேன் உள்ளிட்ட நான்கு புரோகிராமர்கள் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். இடமே இல்லாத ஒரு கேசட்டில் ஒருவன் தன் பெயருக்கு ஒரு அறை ஒதுக்குகிறான் என்றால், தான் செய்வது வெறும் சரக்கு இல்லை என்ற பிரக்ஞை அவனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

4

வரம்பு இருந்தால் போதும், வடிவம் தானே வந்துவிடும் என்று யாராவது முடிவு கட்டுவதற்கு முன், அதே யந்திரத்தில் நடந்த மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலக்கணப் பிழையில்லாத லட்சம் வெண்பாக்களை யாரும் படிப்பதில்லை.

1982இல் அடாரி தன் யந்திரத்துக்கு 'பேக்மேன்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. பேய்களை ஒரே நேரத்தில் திரையில் நிறுத்த வழி போதாததால் ஒவ்வொரு சட்டத்திலும் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பேய்கள் ஓயாமல் மினுங்கின. அதே வருஷக் கடைசியில் 'ஈ.டி.' சினிமாவை வைத்து ஒரு ஆட்டம். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும் என்பதால் அதைச் செய்ய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம் சொச்சம். இங்கே வரம்பு யந்திரத்தினுடையது இல்லை, வியாபாரத்தினுடையது. இரண்டும் ஒன்றில்லை. யந்திரத்தின் வரம்போடு ஒருவன் மல்லுக்கட்டலாம், பழகலாம், அதற்குள் ஒரு வழி காணலாம். கிறிஸ்துமஸோடு அப்படிப் பழக முடியாது.

யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்ற நிலையில் சரக்கு குவிந்தது, விலை விழுந்தது, 1983இல் அமெரிக்காவில் இந்தத் தொழிலே குலைந்தது. விற்காத கேசட்டுகளையும் மற்றச் சரக்குகளையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். ரொம்ப நாள் இது வெறும் கதை என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது 'ஈ.டி.'யும் மற்றவையுமாக ஏறக்குறைய 1,300 கேசட்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் சில மியூசியங்களுக்குப் போயின. மோசமான ஆட்டமென்று புதைத்ததைப் பொக்கிஷமென்று எடுத்துவைக்க முப்பத்தொரு வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது. கேலியும் ஏக்கமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

5

அமெரிக்காவில் குலைந்த அதே 1983இல், ஜூலையில், ஜப்பானில் நின்டென்டோ ஃபாமிகாமை வெளியிட்டது. வடிவமைத்தவர் மஸாயுகி உயெமுரா. 2 கிலோபைட் நினைவு. திரையில் நகரும் உருத்துண்டுகள் 64. ஒரே வரியில் எட்டுக்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. 1985இல் இதற்காக வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ இதைப்போல் ஐம்பது, நூறு மடங்கு. அதில் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே சித்திரம், நிறம்தான் வேறு. மாரியோவின் முகமே இப்படி வந்ததுதான். 1981இல் 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது அத்தனை சின்ன இடத்தில் தலைமயிரை வரைய முடியவில்லை, தொப்பி போட்டார். மூக்கையும் வாயையும் பிரித்துக் காட்ட முடியவில்லை, மீசை வைத்தார். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகம் இரண்டு இயலாமைகளால் ஆனது.

அமெரிக்காவுக்குப் போன நின்டென்டோ யந்திரத்தில், கம்பெனியின் அனுமதியில்லாத கேசட்டுகள் ஓடாதபடி ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. ஜப்பானிய ஃபாமிகாமில் அது இல்லை. தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தவர்கள் எடுத்தது இந்தப் பூட்டில்லாத வம்சத்தை. தொண்ணூறுகளில் நம் ஊர்களுக்கு வந்தது அதுதான். நின்டென்டோ என்ற பெயரே எங்களில் யாருக்கும் தெரியாது. 'டி.வி. கேம்' என்போம். 1997 கோடை லீவில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது. கூட வந்த கேசட்டின்மேல் 9999 இன் 1 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது ஏழெட்டு ஆட்டம். அவையே வேறு வேறு பெயர்களில், வேறு வேறு கட்டத்தில் தொடங்குகிற மாதிரி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தன. சமயத்தில் படம் வராது. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகினால் வரும். ஊதியதால் வந்ததா செருகியதால் வந்ததா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

இந்த ஏமாற்றுப் பட்டியலுக்கு நான் நன்றி சொல்லவேண்டியவன். நாலு வருஷம் அந்த ஏழெட்டு ஆட்டங்களையே ஆடினோம். கான்ட்ராவில் எந்த இடத்தில் எந்தப் பக்கமிருந்து குண்டு வரும், மாரியோவில் எந்தக் குழாய் கீழே இறங்கும், எந்தச் செங்கல்லில் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிரதியைத் திரும்பத் திரும்பப் படிப்பது என்றால் என்ன என்பதை நான் கற்றது காலேஜில் இங்கிலீஷ் இலக்கிய வகுப்பில் இல்லை, அங்கேதான். வரம்பு யந்திரத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. எங்கள் கைக்குக் கிடைத்ததின் வரம்பும் ஒரு விதமான வாசிப்பைக் கட்டாயமாக்கியது.

இரண்டு விஷயங்கள் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தன. மாரியோ ஓடும்போது எதிரிகள் ஒரே வரியில் கூடிவிட்டால் மினுங்குவதை எங்கள் பெட்டி மட்டமான சரக்கு என்பதற்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அது நகலின் குறை இல்லை. அசலிலேயே இருந்த அந்த எட்டு என்ற எல்லை. போலிப் பெட்டி அசலின் குறையையும் உண்மையாகவே நகலெடுத்திருந்தது. இன்னொன்று, நாங்கள் உயிராக ஆடிய 'பேட்டில் சிட்டி', மூன்று பக்கமும் செங்கல் வைத்த பருந்தைக் காக்கும் அந்த டாங்கி ஆட்டம். அது 1985இல் நாம்கோ செய்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளுக்கு வரவேயில்லை. ஆகவே அமெரிக்கர்கள் எழுதும் சரித்திரங்களில் அது ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இல்லை. அவர்களுடைய வரிசையை அப்படியே ஒப்பித்து 'நம் தலைமுறையின் நினைவுகள்' என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைத்துப் பார்ப்பது தங்கள் கூடத்தையா, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தையா என்று கேட்கத் தோன்றுகிறது.

6

இதுவரை சொன்ன வரம்புகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வரம்பை ஒருவர் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர் கும்பெய் யோகோய். நின்டென்டோ சீட்டுக்கட்டு செய்த காலத்தில், 1965இல், அங்கே யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தைத் துரத்தவேண்டாம். எல்லோருக்கும் பழகி, மலிந்து, காய்ந்துபோனதை எடுத்துப் பக்கவாட்டில் யோசித்தால் போதும் என்பது அவர் வழி. 1989இல் அவர் தலைமையில் வந்த கேம் பாய்க்கு வண்ணமில்லை, பச்சையோடிய சாம்பலில் நாலு சாயல், இருட்டில் தெரியாது. போட்டிக்கு அதே வருஷம் அடாரியின் லிங்ஸும், 1990இல் ஸேகாவின் கேம் கியரும் பளபளவென்று வண்ணத்தோடு வந்தன. ஆறு பேட்டரி போட்டால் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பையில் போட்டுக்கொண்டு போகிற யந்திரத்துக்கு எது அவசியம் என்று யோகோய்க்குத் தெரிந்திருந்தது.

அதோடு விற்கப்பட்ட ஆட்டம் 'டெட்ரிஸ்'. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை முதலில் எழுதிய கம்ப்யூட்டரில் படமே வரைய முடியாது, எழுத்துகள்தான். விழும் கட்டைகளை அடைப்புக்குறிகளை அடுக்கிச் செய்தார். படம் இல்லாமல் பிறந்த ஆட்டத்துக்கு வண்ணமில்லாத திரை ஒரு குறையாகப் படவில்லை.

7

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷனோடு இடம் பற்றிய பழைய கவலை ஒரேயடியாகப் போனதாகத் தோன்றியது. கேசட்டின் கிலோபைட்டுகளுக்குப் பதில் 650 மெகாபைட் கொள்ளும் தட்டு. உருவங்கள் முப்பரிமாணத்தில் நடமாடின. ஆனால் ஒரு வரம்பு போன இடத்தில் வேறு வரம்புகள் முளைத்தன. தட்டிலிருந்து படிக்க நேரமாகும். தூரத்திலிருப்பதையெல்லாம் வரைய யந்திரத்துக்குச் சக்தி போதாது.

முதல் தடங்கலை 'ரெஸிடென்ட் ஈவில்' 1996இல் கதவாக்கியது. அடுத்த அறையைத் தட்டிலிருந்து எடுக்கும் நேரத்துக்கு, கறுப்புத் திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்று நாம் காத்திருப்போம். யந்திரத்துக்கு வேண்டியிருந்த நேரம் ஆடுகிறவனுக்குப் பயமாக மாறியது.

இரண்டாவது தடங்கலை 'ஸைலன்ட் ஹில்' 1999இல் மூடுபனியாக்கியது. காணாமல் போன மகளைத் தேடி ஒருவன் வெறிச்சோடிய ஊருக்குள் நடக்கிறான். நாலு அடிக்கு அப்பால் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், தெரியவேண்டியதை வரைய யந்திரத்தால் ஆகாது என்பதுதான். ஆனால் அந்த வெள்ளை இல்லாமல் அந்த ஊர் இல்லை. 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு அதன் இரண்டாம் பாகம் வந்தது. யந்திரம் பல மடங்கு வலுவானது, பனியைக் குறைத்திருக்கலாம். அவர்கள் குறைக்கவில்லை. 1999இல் கட்டாயமாக இருந்தது 2001இல் தேர்வாக ஆகியிருந்தது. ஒரு வடிவம் பக்குவமடைவது என்று நான் கருதுவது இந்த இரண்டு வருஷத்தில் நடந்ததைத்தான்.

கதை இதோடு முடியவில்லை. 2012இல் இந்த இரண்டாம் பாகத்தைக் கூர்மையான புதிய திரைகளுக்காகச் செப்பனிட்டு மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். கோனாமி கம்பெனி முடிந்த ஆட்டத்தின் மூல நிரலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கவில்லை. முடிவடையாத நிலையிலிருந்த பிரதியை வைத்தே வேலை நடந்தது. மறுபதிப்பில் சில இடங்களில் பனி விலகிவிட்டது. பனிக்குப் பின்னால் என்ன இருந்தது என்றால், ஒன்றும் இல்லை. நிலம் ஒரு கோட்டில் வெட்டினாற்போல் நின்றது. தெளிவாகக் காட்டுவதே மேம்பாடு என்று நம்பியவர்களுக்கு, மறைப்பதும் பிரதியின் பகுதி என்று தோன்றியிருக்கவில்லை. 2024இல் முற்றிலும் புதிதாகச் செய்து வெளியிட்டபோது மூடுபனி திரும்பி வந்தது. இந்தத் தடவை அதை வரைவதற்கே யந்திரத்தின் சக்தி கணிசமாகச் செலவாயிற்று.

8

இப்போது ஆட்டம் செய்கிறவனுக்கு யந்திரம் கிட்டத்தட்ட எதையும் மறுப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5இன் சேமிப்பு வட்டு காத்திருப்பையே ஒழிக்கவேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. கதவு மெல்லத் திறக்க அவசியமில்லை. மறுப்பது பணமும் ஆள்பலமும்தான். அதாவது பழைய கிறிஸ்துமஸ். அதன் விளைவுகளில் ஒன்று, ஆட்டங்கள் முடிவதில்லை. கேசட்டில் ஒருமுறை பொறித்ததைத் திருத்த முடியாது; பிழையும் சேர்ந்துதான் உலகத்துக்கு வரும். இன்று முதலில் விற்றுவிட்டுப் பிறகு முடிக்கலாம். 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' பழைய தலைமுறை யந்திரங்களில் ஆடமுடியாத நிலையில் இருந்ததால் சோனி அதே மாதம் தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் மறுபடி வைத்தது. பிற்பாடு அது நல்ல ஆட்டமாகவே ஆயிற்று என்கிறார்கள், இருக்கலாம். திருத்தம் தவறான காரியமில்லை, நாமும் இரண்டாம் பதிப்பில் திருத்துகிறோம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தெரிந்தவன் முதல் பிரதியை எழுதும் விதமே வேறு.

யாப்பு போனபோது நம்மில் பலர் விடுதலை என்று மட்டும் புரிந்துகொண்டோம். வரிகளை உடைத்துப் போட்டோம். சிலருக்குத்தான், வெளியே இருந்த அளவு போனால் உள்ளே ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று தெரிந்திருந்தது. இங்கேயும் அப்படிச் சிலர் உண்டு. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' அடுத்த வருஷம் நவீன யந்திரங்களுக்கெல்லாம் வந்தது. லட்சக்கணக்கான வண்ணம் காட்டக்கூடிய திரையில் அவர் இரண்டே நிறம் எடுத்துக்கொண்டார். ஆள் இல்லாமல் கரைக்கு வந்த கப்பலில் அறுபது பேருக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்கவேண்டும். நிறமும் பளபளப்பும் போனதால் முகம், உடை, கிடக்கும் விதம் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்கவேண்டியதாகிறது. அந்த வரம்பை யந்திரம் விதிக்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு அது தேவைப்பட்டது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு போலியும் இருக்கிறது. பெரிய பெரிய சதுரப் புள்ளிகளில் வரைந்து, பழைய பீப் சத்தங்களைச் சேர்த்து, 'ரெட்ரோ' என்று பெயர் போட்டுக் குவிகிற ஆட்டங்களில் பெரும்பாலானவை வேஷம் கட்டியவை. 64 என்ற எல்லை இல்லாதபோது 64 இருப்பதுபோல் நடிப்பது, அந்தாதி பாடத் தெரியும் என்று காட்ட அந்தாதி பாடுவதைப் போன்றது. மினுங்கலைக்கூட வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

9

ஆக, பழையதை வைத்துக்கொள்வது என்றால் எதை வைத்துக்கொள்வது? 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வொன்று, 2010க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் கடையில் விலைக்குக் கிடைக்காத நிலையில் இருப்பதாகச் சொன்னது. அதே வருஷம் மார்ச்சில் நின்டென்டோ தன் இரண்டு பழைய யந்திரங்களுக்கான இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டும் விற்ற ஆட்டங்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தனி மனிதர்கள். பழைய யந்திரத்தைப்போல் நடிக்கும் புரோகிராம்களை எழுதி, கேசட்டின் உள்ளடக்கத்தை அதில் ஓட்டுகிறவர்கள். ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களைப் போல இவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ஏட்டிலிருந்த எல்லாமே அச்சுக்கு வந்துவிடுவதில்லை. 1991இல் ஸேகாவுக்காக வந்த 'ஸோனிக்' ஆட்டத்தில் ஒரு அருவி இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்திய கோடுகள் அவை. பழைய டெலிவிஷனின் மங்கலில் அவை கலந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரிந்தன. இன்றைய கூர்மையான திரையில் வெறும் கோடுகள்தான் தெரிகின்றன. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அருவி மட்டும் இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து எங்கள் பழைய பெட்டியை இறக்கினேன். வேலை செய்தது. கூடத்தில் இப்போதிருக்கும் தட்டை டி.வி.யில் செருகினேன். ஊதாமலே படம் வந்தது. அக்கா மகன் மாரியோவைக் கொஞ்ச நேரம் ஆடினான். பிறகு பெட்டியோடு இருந்த பிளாஸ்டிக் துப்பாக்கியை எடுத்தான். வாத்துச் சுடும் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். திரையோடு ஒட்டிவைத்துச் சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை.

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை; அது வெறும் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். கற்றை அந்த இடத்தைத் தொட்டு ஒளிரவைக்கிற அந்த நொடித் துணுக்கில் துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்தால் குறி சரி. தட்டை டி.வி.யில் கற்றை இல்லை. அது படத்தை வாங்கி, சரிசெய்து, கொஞ்சம் பின்னால் காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் வரும்போது துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

"துப்பாக்கி ரிப்பேரா மாமா?" என்றான்.

"இல்லடா. டி.வி. மாறிப்போச்சு" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. இன்னும் நாலு தடவை சுட்டுப் பார்த்தான். வாத்து பறந்துபோயிற்று. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து, வழக்கம்போல, எங்களைப் பார்த்துச் சிரித்தது.